மாமியார் உடைக்காத எலும்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஜனவரி மாதம். டெல்லி கிட்வாய் நகரில், என் மனைவிக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மதுரையிலிருந்து மாமியார் வந்திருந்தார். கல்யாணமாகி நான்கு வருடங்கள் ஆகியும், "வாங்க", "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டி அவரும் நானும் பேசியதில்லை.

ஒருநாள் காலை அவர் ஹாலைத் துடைத்திருந்தார். அந்தக் குளிரில் தரை எங்கே காயும்? அவசரமாக ஆபீஸ் கிளம்பிய நான் வழுக்கி, வலது முழங்கால் தரையில் மோத விழுந்தேன். வலியில், "இப்பவே தொடைக்கணும்னு இங்க யார் அழுதா?" என்று கத்திவிட்டேன். ஈரத்துணியோடு அவர் அப்படியே நின்றார்.

பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்கால் சில்லின் மேல் ஓரத்தில் ஒரு கோடு. எலும்பு உடைந்திருக்கிறது, ஆறு வாரம் மடக்கக் கூடாது என்று தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு பெல்ட்டை மாட்டி அனுப்பினார்கள்.

இரண்டு வாரத்தில் மதுரையில் மாமியாருடைய அண்ணன் மகள் கல்யாணம். அதற்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். மனைவி ஆபீஸ் போனதும் வீட்டில் நாங்கள் இருவர்தான். வெயில் வந்தால் என் நாற்காலியை பால்கனிக்கு இழுத்துப் போடுவார். தெரிந்த இரண்டே இந்தி வார்த்தைகளில், "பையா, ஜல்தி!" என்று காய்கறிக்காரரை மிரட்டி வாங்கிய பட்டாணியை உரித்துக்கொண்டே பேசுவார். சைக்கிள் பழகிய கதை, மாமனாருக்குத் தெரியாமல் சினிமா பார்த்த கதை. நானும் ஆபீஸ் கதைகளை அவிழ்த்துவிட்டேன். எப்போது மதியம் வரும் என்று காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

எதற்கும் இன்னொருவரிடம் காட்டலாம் என்று ஐந்தாம் நாள் நண்பனின் காரில் கரோல் பாக்கில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனேன். படத்தைப் பார்த்தவர், அடிபடாத காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதிலும் அதே இடத்தில் அதே கோடு!

"டூட்டா நஹீ ஹை" என்று சிரித்தார். உடையவே இல்லையாம். சிலருக்கு முழங்கால் சில்லு உருவாகும்போது ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் மற்றதோடு சேராமல் நின்றுவிடுமாம். பிறவி அமைப்பு, பயப்பட ஒன்றுமில்லை. இது வெறும் அடிதான், பெல்ட் வேண்டாம், நடக்கலாம் என்றார்.

காரில் ஏறியதும் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். வீட்டில், ரெஸ்ட் எடுக்கச் சொன்னதாகச் சொன்னேன். உண்மை தெரிந்தால் மாமியார் ஊருக்குக் கிளம்பிவிடுவாரே! கல்யாணம் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சமையலறையில் அவர் அண்ணனோடு போனில் பேசுவது காதில் விழுந்தது.

"மாப்ள கால ஒடச்சுப்புட்டேண்ணே. நான் பண்ணுன வேல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வந்து சிரிக்கச் சொல்ற?"

பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு சமையலறைக்கு நடந்தே போனேன். அவர் பதறிப்போனார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதற்கும் மறைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"அப்ப நான் ஒடைக்கலையா மாப்ள?"

"இல்ல அத்தை."

"நெசமாவா?"

அடுப்பை அணைத்தார். முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு வாரமாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் மனதுக்குள் என்ன பாடுபட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே தட்காலில் டிக்கெட் போட்டோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊர் போய்ச் சேர்ந்தார். தாலி கட்டி முடிந்ததும் வீடியோ காலில் வந்தார். சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம் போனைத் திருப்பி, "நமக்கெல்லாம் முட்டியில சில்லு ஒண்ணுதான். எங்க மாப்ளைக்கு ரெண்டாக்கும்!" என்று என்னைப் பெருமையாகக் காட்டினார்.

இப்போது எங்களுக்குள் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் வலியில் நான் கத்திய ஒரு வரியை அவர் ஒரு வாரம் சுமந்ததை நினைத்தால், கோபம் வரும் நேரத்தில் வாயைத் திறக்க எனக்கு இன்றும் பயமாகத்தான் இருக்கிறது.