திரை மூலையில் ஓர் ஊதா

திரையில் தெரியும் நிறத்தை ஆறு எழுத்தாக எழுதித் தருவதுதான் என் வேலை என்று சொன்னபோது, இதற்குக்கூடவா சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. சூலியா தெருவில், நாணயம் மாற்றும் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கடைக்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்போம். சொட்டுமருந்துக் குழாய் போன்ற சின்னப் படம் ஒன்றைத் திரையில் எந்த நிறத்தின்மேல் வைத்து அழுத்தினாலும் அதன் எண் வந்துவிடும். அதைப் பார்த்து எழுதிக்கொள்வேன். வெள்ளைக்கு FFFFFF, கறுப்புக்கு ஆறு சுழியம். வாடிக்கையாளரின் எதிரே உட்கார்ந்து "இதுவா, அதுவா" என்று கேட்டுப் பிழைக்கும் நண்பர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் முதலாளி என்னை எடுத்திருந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கஸ்டமர்கிட்ட வாயத் தொறந்து பேசணும்மா. இல்லேன்னா வேற ஆள்தான் பாக்கணும்."

பன்னிரண்டு எட்டு

அறையில் இரண்டு கணினிகள். என்னுடையது சன்னலோரம், பக்கத்தை அமைக்கும் அந்தோணி அண்ணனுடையது வாசலோரம். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, அவர் தட்டிக்கொள்வார் என்பது ஏற்பாடு. எனக்குத்தான் சத்தம் வராதே. ஒவ்வோர் எண்ணையும் துண்டுத்தாளில் எழுதி, பன்னிரண்டு எட்டு நடந்து போய் அவர் மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவேன். ஒரு பக்கத்துக்கே இருபது நிறம் இருக்கும்.

ஒருநாள் பதினெட்டாவது தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "ஏன் தங்கச்சி, பேசுனா வரி கட்டணுமா?"

கறியின் எண்

டத்தோ கிராமாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், தம் மீன்கறியின் புகைப்படத்தோடு வந்தார். பக்கம் முழுக்க அந்தக் கறியின் நிறம் வேண்டுமாம். படத்தைக் கணினியில் ஏற்றிச் சட்டியின் நடுவில் அழுத்தினேன். ஓர் எண் வந்தது. ஒரு மயிரிழை தள்ளி அழுத்தினால் வேறு எண். மிளகாய்ச் சிவப்பு, புளிப் பழுப்பு, கறிவேப்பிலைக் கறுப்பு என்று ஆறு எண்களை எழுதி, ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு திரையில் ஓர் இடத்தில் விரலை ஊன்றினார். "எண்ணெய் மிதக்குற எடத்து நம்பரப் போடும்மா. பாக்குறவனுக்குப் பசிக்கணும்லா."

அதே நிறம்

மூன்றாவது மாதத்தில் பாயான் பாருவிலிருந்து சிவகாமி அக்கா வந்தார். கல்யாணச் சேலைக் கடைக்காரர். அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய வேலை அவருடையதுதான். நான் காட்டிய நிறங்கள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. திடீரென்று திரையின் வலது மூலையைத் தொட்டு, இதுதான் என்றார். அங்கே வெள்ளைத் தளத்தின்மேல் இளம் ஊதா ஒன்று படர்ந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தேன். FFFFFF என்று வந்தது.

எனக்குக் காரணம் தெரியும். அந்தோணி அண்ணன் தம் வானொலி ஸ்பீக்கரை என் திரைக்குப் பக்கத்தில், சன்னலோரம் வைத்திருந்தார். அதற்குள் இருக்கும் காந்தம், அந்தக் காலத்துக் கண்ணாடிக்குழாய்த் திரையின் ஓரத்தை அப்படி நிறம் மாற்றிக் காட்டும். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் வெள்ளை. இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அக்கா பூரித்துப்போயிருந்தார், பின்னால் முதலாளி சிரித்தபடி நின்றார். என் வாய் திறக்கவில்லை. கை மட்டும் FFFFFF என்று எழுதியது. தாளை அந்தோணி அண்ணனிடம் கொண்டுபோய் வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அக்கா படியேறி வந்தார். தங்கை வீட்டுக் கணினியில் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "நான் என்ன வெள்ளைச் சேலையா விக்கிறேன்? கல்யாணச் சேலைக்கடைலா வச்சிருக்கேன்."

ஸ்பீக்கரை நகர்த்தியது

முதலாளியின் முகம் வாடியது. தங்கை வீட்டுக் கணினிதான் பழசாக இருக்கும் என்று அந்தோணி அண்ணன் ஆரம்பித்தார். முதலாளியும் அதற்குத் தலையாட்டப் போனார். பேசாமல் இருந்தால் நான் தப்பித்திருப்பேன். அக்கா பாவம், தங்கையோடு சண்டைக்குப் போயிருப்பார்.

"இல்லக்கா, தப்பு என்னோடது" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

எழுந்து ஸ்பீக்கரைத் தூக்கித் திரையின் இடப்பக்கம் வைத்தேன். வலது மூலை வெளுத்தது, இடது மூலையில் ஊதா பூத்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையின் நல்ல பகுதியில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரைந்து, எண்ணை மாற்றி மாற்றி அந்த ஊதாவோடு ஒப்பிட்டுக் காட்டினேன். எண்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தோணி அண்ணனுக்குச் சத்தமாகச் சொன்னேன். பன்னிரண்டாவது கட்டத்தில் அக்கா தலையசைத்தார். CCCCFF.

அவர் போனதும் முதலாளி என் மேசைக்கு வந்தார். இனி வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்றார். நான் மூச்சுவிடுவதற்குள் இன்னொன்றும் சொன்னார்: "குரல் நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து டெலிபோன நீயே எடும்மா."

உலகத்து நிறங்களையெல்லாம் ஆறெழுத்தில் எழுதிவிடலாம், ஆனால் அடுத்த முறை எண்ணும் கண்ணும் ஒத்துப்போகாவிட்டால், நண்பர்களே, முதலில் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், தொலைபேசிக்குத் தயாராக இருங்கள்.