காலி வீட்டுக்கு ஆள் வைத்த கதை

ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருப்பது வரிசை வீடு. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் ஆடும். அதனால் பக்கத்து வீட்டை வங்கி லெலோங்கில் விடப் போகிறது, அதாவது ஏலம் போடப் போகிறது என்று தெரிந்த அன்றே எனக்கும் ஒரு பதவி வந்து சேர்ந்தது. யாரும் கொடுத்த பதவி இல்லை. நானே எடுத்துக்கொண்டேன், புத்தி இருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

அந்த வீட்டு அக்கா முப்பது வருடமாக எனக்குப் பக்கத்து வீடு. அவர் கணவர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். அதற்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். அச்சுக்கூடம் நொடித்தது, பிறகு அவரும் போய்விட்டார், கடன் அக்கா தலையில் வந்து உட்கார்ந்தது. சாமான் ஏற்றிய லோரி தெருவில் நிற்க, அக்கா என் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"வீடு போனாப் போகட்டும்மா. நல்ல விலைக்குப் போச்சுன்னா கடன் அதோட முடிஞ்சிரும். மிச்சம் நின்னுச்சுன்னா என்னைத் திவால்னு போட்டு, வெளிநாடு போக விடாமத் தடுத்துருவாங்களாம். மக பெர்த்துல தனியாக் கெடக்கா. கல்யாணமாகி ஆறு வருஷம், இப்பதான் டாக்டர்கிட்ட அலைஞ்சிக்கிட்டு இருக்கா. அவளுக்குப் பிள்ளை பொறக்குறப்ப நான் பக்கத்துல இருக்கணும். எனக்கு அது போதும்லா."

"கவலப்படாதீங்கக்கா, வீட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

என் வாய் இருக்கிறதே, அது என் உடம்பில் தனிக்குடித்தனம் நடத்துகிறது. என்னிடம் எதையும் கேட்பதில்லை.

அக்கா பாலம் தாண்டிப் பத்து காவான் என்கிற ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். மூன்று மாதத்தில் பக்கத்து வீட்டு முற்றத்தில் புல் முட்டி அளவு வளர்ந்தது. பூனை ஒன்று உள்ளே குட்டி போட்டது. பிறகு அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. மழைத் தண்ணீர் பழைய வாளியில் தேங்கி, மாலை ஐந்து மணிக்கே கொசு எங்கள் கூடத்துக்கு விருந்தாளியாக வர ஆரம்பித்தது. புல்லை யார் வெட்டுவது என்று கேட்டு ஊரெல்லாம் எழுதினேன்.

எனக்கு வேலை ஒரு பல் கிளினிக்கில், முன் மேசையில். வலியோடு வருகிறவர்களிடம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பாவமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து திரும்பி வந்தது. வங்கியைக் கேட்டால், வீடு இன்னும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது, எதுவானாலும் வக்கீலைக் கேளுங்கள் என்றார்கள். வக்கீல் ஆபீசில் ஒரு பெண், "நாங்க விக்கிற வேலைய மட்டும்தான் பாக்குறோம் மேடம், புல்லு வெட்டுற வேலை இல்ல" என்றாள். ஏலம் போடுகிறவரோ, வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படும் என்றார். புல்லும் உள்ளதில் சேர்ந்ததுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பூனை? போனை வைத்துவிட்டார்.

கொசு ஒழிப்பு அதிகாரிகள் மட்டும் கூப்பிட்ட மறுநாளே வந்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் போக முடியாது என்று வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். வந்ததற்கு என் வீட்டையும் ஒரு பார்வை பார்த்தார்கள். என் ரோஜாத் தொட்டியின் அடித்தட்டில் புழு நெளிந்தது. அபராதச் சீட்டு என் பெயரில் எழுதப்பட்டது. என் வீட்டுக்காரர் அன்று சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த தேநீர் சட்டையில் வழிந்தது. "புகார் குடுத்தவங்களையே புடிச்சுட்டுப் போறாங்க. நல்ல நாடுலா" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. அதற்கு நான்தான் செயலாளர். மூலை வீட்டு அண்ணன் தலைவர். எதைப் போட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது அவர் பொறுப்பு. அக்காவும் அந்தக் குழுவில் இருந்தார். அவரை வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் புல்லைப் பற்றி எப்படிப் பேசுவது? மனசு நோகுமே! அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். மரியாதைக்காகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். தலைவர் கட்டைவிரலைத் தூக்கினார்.

பிறகு திருடன் வந்தான். பட்டப்பகலில், ஏணியோடு, பச்சைப் பளபளப்புச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்து, ஏர்கண்டிஷனின் வெளிப்பெட்டியையும் தண்ணீர் மீட்டரையும் கழற்றி வேனில் ஏற்றினார்கள். மூலை வீட்டு அண்ணன் தன் காரை நகர்த்தி அவர்கள் வேனுக்கு வழி விட்டிருக்கிறார். "முறையா வேலை செஞ்சாங்க, நான் கம்பெனி ஆளுங்கன்னு நெனச்சேன்லா" என்றார். மீட்டர் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சியடித்தது.

அடுத்து ஜன்னல் கம்பி போகும், கதவு போகும், எலும்புக்கூட்டை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? அக்காவின் பெர்த் பயணம் என்ன ஆகும்? அன்று சாயங்காலம் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நம் வீடுகளில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்போம்? வாசலில் சிலிப்பர் கிடந்தால் ஆள் இருக்கிறது. அவ்வளவுதான். நடுச்சுவர் ஓரமாக நாற்காலி போட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கி, அக்காவின் வாசலில் நான்கு ஜோடி சிலிப்பர் வைத்தேன். பெரியவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு. ஒரு குடும்பத்தையே உண்டாக்கிவிட்ட திருப்தி எனக்கு.

குழுவில் போட்டோ போட்டேன். இத்தனை நாள் கட்டைவிரலுக்கு மேல் எதையும் தூக்காத தெரு பொங்கி எழுந்தது. எதிர்வீட்டுச் சீன அங்கிள் தன் பேரனின் பழைய மூன்று சக்கரச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டும் பழைய சாரோங்கும் இரண்டு கால்சட்டையும் கொடியில் ஏறின. மழை வந்தால் ஓடிப் போய் எடுப்பேன், வெயில் வந்தால் மறுபடி போடுவேன். யாரும் உடுத்தாத துணிக்கு அந்த வருடம் நான் செய்த வேலையை என் சொந்தத் துணிக்குச் செய்ததில்லை. புல்லையும் நானே ஆள் வைத்து வெட்டினேன். மூலை வீட்டு அண்ணன் பெரிய தியாகமாகத் தன் இரண்டாவது காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் காரை நிறுத்த இடமில்லாமல் அவர் இரண்டு வருடமாகத் தெருவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது வேறு விஷயம். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து விளக்குச் சரம் போட்டோம். வாசலில் கோலம் போட்டேன், என் வாசல் கோலத்தைவிடப் பெரிதாக.

"இனி ரெண்டு பேருக்குக் கல்யாணம் பண்ணி உள்ள வச்சிட்டா வேலை முடிஞ்சிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

திருடன் வரவில்லை. ஆனால் வேறு ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கார் மெதுவாக வரும், வீட்டு முன்னால் நிற்கும், கண்ணாடி இறங்கும், உள்ளிருந்து போனில் படம் எடுப்பார்கள். எனக்கா தெரியாது? நோட்டம் விடுகிறார்கள்! துடைப்பத்தோடு வெளியே வந்துவிடுவேன்.

ஒரு தடவை கணவனும் மனைவியும், நம் ஆட்கள்தான், இறங்கியே விட்டார்கள். "அக்கா, இந்த வீட்டுல ஆள் இருக்காங்களா?" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஏன் இல்லாம? எட்டுப் பேரு இருக்காங்க. பெரியவருக்குக் கொஞ்சம் கோபம் வரும், கதவத் தட்டாதீங்க" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்கள். நான் துடைப்பத்தைத் தட்டி வைத்துவிட்டு, குழுவில் 'இன்றைக்கும் இரண்டு பேரை விரட்டினேன்' என்று போட்டேன். பதினான்கு கட்டைவிரல்கள் வந்தன. அந்த மாதிரி எத்தனை பேரை விரட்டியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

முதல் ஏலத்தில் யாரும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டில் புதுத் தாள் ஒட்டுவார்கள், விலை முன்னதைவிடக் குறைந்திருக்கும். இவ்வளவு அழகாக வைத்திருக்கிறோம், ஒரு மனுஷனுக்குக் கண் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அந்தத் தாள் திருடன் கண்ணில் பட்டால் காலி வீடு என்று தெரிந்துவிடுமே என்று, ஒட்டிய மறுநாளே அதன் மேல் ஒரு சாரோங்கைத் தொங்கவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எதற்கு மறைக்க வேண்டும்.

மூன்றாவது ஏலமும் அப்படியே போனது. நான்காவது தாளை ஒட்ட வந்தது ஒரு தமிழ்ப் பெண். வெயிலில் வந்தவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "ஏன்மா இந்த வீட்டை யாருமே வாங்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டேன்.

அவள் கிளாசை வைத்துவிட்டு வாசலைக் கையால் காட்டினாள். "ஆள் இருக்கிற வீட்டை யாரு வாங்குவாங்கக்கா? வங்கி ஆளைக் காலி பண்ணித் தராது. வாங்குறவங்கதான் கேஸ் போட்டு வெளிய அனுப்பணும். பாக்க வர்றவங்க மொதல்ல சிலிப்பரைத்தான் பாப்பாங்க. இங்க பாருங்க, சைக்கிள் வேற. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு எவன் வருவான்?"

அவள் போனதும் சுவர் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். நாற்காலிகூடப் போடவில்லை, முழங்கால் தேய்ந்தது. சிலிப்பர், சாரோங், கால்சட்டை, சைக்கிள், விளக்குச் சரம் எல்லாவற்றையும் வாரி என் பக்கம் எறிந்தேன். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தை ஐந்து நிமிடத்தில் காலி செய்தேன். கார் மட்டும் மூன்று நாள் நகரவில்லை; மூலை வீட்டு அண்ணன் சாவியோடு ஈப்போவில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

நான்காவது ஏலத்தில் வீடு போய்விட்டது. வாங்கியவருக்கு ஏற்கெனவே நிறைய வீடு இருக்கிறதாம், வாடகைக்கு விடுகிறாராம். அடிமாட்டு விலை. குழுவில் 'அப்பாடா' என்று ஒருவர் போட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். போன மாதம் ஆயர் ஈத்தாம் பாசாருக்குக் காய்கறி வாங்க வந்த அக்கா, அப்படியே என் வீட்டுக்கும் வந்தார். மெலிந்திருந்தார். தேநீர் போட்டேன், தட்டில் பிஸ்கட் வைத்தேன். உட்கார்ந்ததும் போனை எடுத்துக் காட்டினார். பெர்த்தில் பேத்தி பிறந்திருக்கிறாள். தலை நிறைய முடி, மூக்கு அப்படியே அக்காவின் மூக்கு.

"நீங்க போகலையாக்கா?" என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"எப்படிமா போறது? மிச்சம் நின்னுருச்சு. திவால்னு போட்டுட்டாங்க. ஒரு தடவ போயிட்டு வர அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக் குடுத்தேன், பதில் வர்றதுக்குள்ள இவ வந்துட்டா. மக ஆஸ்பத்திரியில கெடந்து அம்மான்னு கத்துனத நான் இதுலதான் கேட்டேன்" என்று போனைத் தடவினார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிலிப்பர் வைத்ததை, துணி காயப்போட்டதை, வாங்க வந்தவர்களைத் துடைப்பத்தோடு விரட்டியதை, தாளின் மேல் சாரோங் போட்டதை. வங்கிக்கும் வக்கீலுக்கும் எத்தனை கடிதம் எழுதினேன் என்பதையும் சொன்னேன், அது ஏதோ எனக்குச் சாதகமான சாட்சி போல. சொல்லிவிட்டுத் திட்டட்டும் என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கேட்டுச் சாவி, வாசல் சாவி, பின்கட்டுச் சாவி.

"இத இன்னிய வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட கேக்கலமா. வாங்குனவரு பூட்ட ஒடச்சு உள்ள போயிட்டாரு" என்றார். "அத்தனை பேருக்கு எழுதுனியே, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? பாலம் தாண்டி அரை மணி நேரம். நானே வந்து புல்லப் புடுங்கி, வாசலக் கூட்டி, வர்றவங்களுக்குக் கதவத் தொறந்து காட்டியிருப்பேனே."