எண்ணெய்த் தலையோடு போன மான் வேட்டை

எழுபதுகளில் சிட்னிக்கு வந்த புதிதில், அங்கே நார்த்மீட் பகுதியில் என் அறைத்தோழனாயிருந்த ராசன் என்னை மான் வேட்டைக்குக் கூப்பிட்டான். இருவரிடமும் வில்தான்.

"தலைக்கு நல்லா எண்ணெய் வைச்சுக்கொண்டு வா மச்சான், குளிர் தாங்கும்" என்றான். நம்பி வைத்தேன்.

காட்டில் ஒரு மரத்தடியைக் காட்டி, "அசையாமல் நில்" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போய்ப் பதுங்கினான். காற்று என் பிடரியில் அடித்தது. காலை முழுக்க விறைத்து நின்றேன். மான் அவனுக்குத்தான் விழுந்தது.

அன்று மாலை நண்பர்களுக்கு வைத்த மான்கறி விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தான்: "இவன்ர எண்ணெய் மணத்துக்கு வெருண்டு மான் நேரா என்னட்டை ஓடி வந்தது. அதுக்குத்தானே இவனைக் கூட்டிக்கொண்டு போனனான்!"

நான் கறித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

இன்றும் வேட்டைக்குப் போகிறேன், எண்ணெய் வைப்பதில்லை. யாராவது 'மச்சான்' என்று இடம் காட்டினால், முதலில் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவி, காற்று யார் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன்.