சோங்சிங்கில் பதினோரு முடிச்சு

பத்துமலை ஏழாவது துணியை விளக்குக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. துணியின் முனை, அவர் நடந்து வந்த திசையைப் பார்த்துத் தொங்க வேண்டும். பதினாறு வயதில் மலேசியாவில் செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனபோது வந்த பழக்கம். பால்மரங்களுக்கு ஒரே முகம். விடியாத இருட்டில் தன் நிரை தெரிய, முதல் மரத்தில் ஒரு கந்தல் கட்டுவார். தோட்டம் அழிந்து வீடமைப்புப் பகுதி வந்தது. அவர் ஈப்போவின் சிலிபினுக்குக் குடிவந்து, கிடங்கில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். கந்தல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஈப்போ பேரங்காடியில் காரை நிறுத்தினால் பக்கத்துத் தூணுக்கு ஒன்று. கோயிலில் செருப்பைக் கழற்றினால் செருப்புக்கும் ஒன்று.

இது ஈப்போ அல்ல, சீனாவின் சோங்சிங். மகள் தினேஸ்வரி இங்கே பொறியாளர். நேற்றுதான் வந்திறங்கிய அப்பாவிடம் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்:

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள தனியா போய்த் தனியா வந்துட்டீங்கன்னா, மீதிப் பத்து நாளும் உங்க இஷ்டம். தொலைஞ்சீங்க, நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் வீட்டுலதான். போன்ல மேப் இருக்கு, பாத்துக்குங்க."

"போனு செத்துப்போவும். துணி சாவாதுலா."

பழைய மஞ்சள் வேட்டியைப் பதினோரு துண்டாகக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டார்.

வீடு பன்னிரண்டாம் மாடி. கீழே இறங்கினால் தெரு. சரி. மேலே ஏறி இருபத்திரண்டாம் மாடிக் கதவைத் திறந்தால் அங்கேயும் ஒரு தெரு, பேருந்தோடு. மேல்தெருவில்தான் முதல் முடிச்சு. சற்றுத் தள்ளி ஓர் அடுக்குமாடியின் வயிற்றுக்குள் ரயில் புகுந்து மறுபக்கம் வந்தது. "யாரு வீட்டுக்குள்ளயோ ரயிலு பூந்து போவுது," என்றார். நிற்கவில்லை, ஊரார் குடும்ப விவகாரம். ஈப்போ பக்கத்து லகாட்டில், சீனர் மளிகைக்கடையில் கற்ற கன்டனீஸ் மொழியில் ஒருவரிடம் வழி கேட்டார். இந்த ஊர்ச் சீனம் வேறு; அவர் ஒன்றும் புரியாமல் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஓடிப்போனார்.

மூன்று மணிக்குப் பதினோராவதையும் கட்டிவிட்டுத் திரும்பினார். பத்தாவது முடிச்சின் அருகே ஆரஞ்சு மேலுடுப்பு அணிந்த துப்புரவுக்காரப் பெண்மணி, குட்டையான உருவம், துடைப்பத்தின் மேல் முனையால் எக்கி எக்கி அதை நெம்பிக்கொண்டிருந்தார். அவருடைய பையிலிருந்து ஒன்பது மஞ்சள் வால்கள் எட்டிப் பார்த்தன.

"அக்கா! அது என்னோடதுலா!"

அவர் பதிலுக்குப் பொரிந்து தள்ளினார். பத்துமலை ஒன்றைப் பிடுங்கித் திரும்பக் கட்டினார். அவர் அவிழ்த்தார். இவர் கட்டினார். அவர் அவிழ்த்தார். நாலாவது தடவையில் கூட்டம் சேர்ந்து படம் பிடிக்கத் தொடங்கியது. சுற்றிலும் கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பத்து நாள் வீட்டுச்சிறை கண்முன் வந்தது. பத்துமலை துணியைக் காட்டினார், நடப்பதுபோல் காலைத் தூக்கினார், இரு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்கிக் காட்டினார்.

அந்த அம்மாள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார். அவிழ்த்த இடம் ஒவ்வொன்றிலும் துடைப்பத்தால் 'டொக்' என்று ஒரு தட்டு. பத்துமலை எண்ணிக்கொண்டே பின்னால் போனார்.

முதல் முடிச்சு இருந்த கம்பித் தடுப்பருகே, வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட தினேஸ்வரி நின்றிருந்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

"தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான். இவங்க என்னைக் கூட்டிக்கிட்டு வரலலா. இவங்க போனாங்க, நான் பின்னாடி வந்தேன்."

அந்த அம்மாள் மகளிடம் சீனத்தில் நீளமாக முறையிட்டார். கேட்கக் கேட்கத் தினேஸ்வரியின் முறைப்பு தளர்ந்தது.

"என்னவாம்?"

"உசரத்துல கட்டாதீங்களாம். அவங்களுக்கு எட்டலையாம். நாளைக்காவது..." தினேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்கா?"

பத்துமலை அந்த அம்மாளின் பையிலிருந்து ஒரு துண்டை உருவினார். வலிக்கிற முழங்காலை மடக்கிக் குனிந்து, கம்பித் தடுப்பின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார்.