சபாபதி வாத்தியார் மொழிபெயர்த்தது

ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு சபாபதி ஒருவர்தான் வாத்தியார். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த பிறகு ஆசிரியர்கள் எல்லாரும் ஜப்பானிய மொழி படித்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற பள்ளி வாத்தியார்கள் முணுமுணுத்துக்கொண்டே படித்தார்கள். சபாபதிக்கு அது பிடித்துவிட்டது. நம் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில் வருகிறது என்று மனைவி தனலெட்சுமியிடம் வியந்து சொல்வார்.

குளுவாங் டவுனில் நடந்த ஜப்பானிய மொழித் தேர்வில் அவர்தான் முதல். மேடைக்குக் கூப்பிட்டு, சட்டையில் பதக்கம் குத்தி, ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தார்கள். தோட்டமே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலம். அன்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு பிடி அரிசியாவது போனது. அடுத்த வீட்டு வெள்ளையம்மாவின் புருஷன் தங்கராஜு, "நம்ம வாத்தியாரு ஜப்பான்காரனையே அசத்திட்டாருலா," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

சில மாதம் கழித்து ஒரு ஜப்பானிய அதிகாரி தோட்டத்துக்கு வந்தான். பதக்கம் வாங்கிய வாத்தியார்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றான். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நல்ல சாப்பாடு என்று அவன் சொன்னதை சபாபதி அப்படியே தமிழில் சொன்னார். அவரும் அதை நம்பினார். வாத்தியாரே சொல்கிறார் என்று ஆண்கள் பெயர் கொடுத்தார்கள். முதலில் கை தூக்கியது தங்கராஜு.

வருஷம் திரும்பியும் யாரும் வரவில்லை. தப்பி வந்த ஒருவன்தான், தங்கராஜு பேதியில் செத்ததைச் சொன்னான். கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்றான்.

வெள்ளையம்மா வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே போனாரு," என்றாள்.

அதன் பிறகு சபாபதிக்குச் சோறு இறங்கவில்லை.

அதே அதிகாரி மறுபடியும் வந்தான். மறுநாள் காலை லாரி வரும், மீதி ஆண்களும் கிளம்ப வேண்டும் என்றான். சபாபதி அவன் பக்கத்தில் நின்றபடி, பாடம் நடத்தும் குரலில் தமிழில் பேசினார்.

"இந்தாளு சொல்றத நம்பாதீங்க. போனவங்க செத்துக்கிட்டு இருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள காட்டுப் பக்கம் போயிடுங்க. இப்ப எல்லாரும் சரின்னு தலைய ஆட்டுங்க."

ஜனங்கள் தலையாட்டினார்கள். அதிகாரி திருப்தியோடு அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

"நீங்களும் போயிடுங்களேன்," என்று தனலெட்சுமி கெஞ்சினாள்.

"நானும் ஓடிட்டா பொம்பளைங்களத்தான் பிடிச்சு அடிப்பான்."

மறுநாள் லயத்தில் அவரைத் தவிர ஆண் யாரும் இல்லை. லாரியில் வந்த ஜப்பான்காரர்கள் அவரைப் பள்ளி வாசலில் போட்டு அடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. எங்கே செத்தார் என்றுகூடத் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பின், குளுவாங்கில் யுத்தத்தில் இறந்த ஆசிரியர்களைக் கௌரவிக்க ஒரு கூட்டம் நடந்தது. தனலெட்சுமியும் வெள்ளையம்மாவும் போயிருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்துப் படத்துக்கு மாலை போட்டார்கள். சபாபதியின் பெயர் வரவில்லை. ஜப்பான்காரனிடம் பதக்கம் வாங்கியவரை எப்படிச் சேர்ப்பது என்று முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"நான் எந்திரிச்சுச் சொல்லட்டுமா?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"வேணாம்க்கா. உங்க வீட்டுக்காரர அனுப்பி வச்சதும் அவருதான். நீங்க எப்படிச் சொல்வீங்க?"

வெள்ளையம்மா எழுந்தாள். "ஐயா, ஒரு பேரு விட்டுப்போச்சு."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், உக்காருங்கம்மா," என்றார் மேடையில் இருந்தவர். கூட்டத்தை முடிக்க வாழ்த்துப் பாட ஆரம்பித்தார்கள்.

ரெங்கம் திரும்ப இருவரும் ரயில் ஏறினார்கள். வண்டி கிளம்பிய பிறகுதான் தனலெட்சுமி வாய்விட்டு அழுதாள். வெள்ளையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.