ஆட்டத்தைப் பார்க்காத பர்ல் ஹாஸ்கியூ

பர்ல் ஹாஸ்கியூ முப்பத்தொரு வருடத்தில் நானூறு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களுக்காவது போயிருப்பார். முதல் வருடத்தை விட்டால் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அரங்கத்தின் முதல் வரிசைக்கு முன்னால் இருக்கும் கம்பியில் சாய்ந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் ஜனங்களையே பார்த்தபடி நிற்பார். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும். "சார், பந்து அந்தப் பக்கம் இருக்கு" என்று யாராவது கத்துவார்கள். "தெரியும்ப்பா, நீங்க பாருங்க" என்பார்.

அலபாமா கடற்கரையில் எங்கள் ஊர் போர்ட் பெல்லமி. ஓய்வு பெறும்வரை பர்லுக்கு உத்தியோகம் பாலத்தில். இறால் படகுகள் வரும்போது பாலத்தைத் தூக்குவது, போனதும் இறக்குவது. பாலம் தூக்கியிருக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணுவது அவராகவே பிடித்துக்கொண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் மடவை பவுல் கமிட்டியில் அவரைச் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே கமிட்டிக்காரர்கள் எல்லோரும் போடும் பச்சை நிறக் கோட்டு ஒன்றையும் கொடுத்தார்கள். நான் அதே கமிட்டிக்குச் செயலாளர். என் பெயர் நடீன், பாலத்துக்கு அடியில் மடவை மீன் பொரித்து விற்கும் கடை என்னுடையது.

பவுல் என்றால் எங்களுக்கு வருஷக் கடைசித் திருவிழா. கல்லூரி ஆட்டங்கள் நவம்பரோடு முடிந்துவிடும். டிசம்பரில் குளிர் குறைவான ஊர்கள் ஆளுக்கொரு பவுல் ஆட்டம் வைத்து, இரண்டு கல்லூரி அணிகளை வரவழைக்கும். ஆறு ஆட்டமாவது ஜெயித்திருந்தால்தான் அழைப்பு. அதிகம் ஜெயித்தவன் பெரிய ஊருக்கு, கொஞ்சமாக ஜெயித்தவன் சின்ன ஊருக்கு என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. பல கல்லூரி அணிகள் சேர்ந்த ஒரு லீக்கோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஐந்து பெரிய பவுல்கள் எடுத்த பிறகு ஆறாவது தேர்வு எங்களுடையது. பந்தியில் ஆறாவதாக உட்கார்ந்தவனுக்குப் பாத்திரத்தில் என்ன கிடக்கிறதோ அதுதான், ஆனாலும் அதற்குள்ளும் பொறுக்கலாம். நாங்கள் எதைப் பொறுக்குவோம்? வண்டி கட்டிக்கொண்டு எந்த அணியின் ஜனம் வரும், எத்தனை இரவு தங்கும், காலையில் வெளியே போய்ச் சாப்பிடுமா, இல்லை அடுப்பையும் கோழியையும் வண்டியிலேயே கொண்டுவந்து வாகன நிறுத்தத்தில் சமைத்துக்கொள்ளுமா என்பதைத்தான். ஒன்பது ஜெயித்தவனைத் தள்ளிவிட்டு ஆறு ஜெயித்தவனை எடுத்திருக்கிறோம். இதில் எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. எதிரணியை வேறொரு லீக் அனுப்பும், அதில் எங்களுக்குப் பேச்சே கிடையாது.

இந்தப் பொறுக்கலுக்குத்தான் பர்ல். கமிட்டிக்கு வந்த முதல் வருடம் அவரும் எல்லோரையும் போல ஆட்டத்தைத்தான் பார்த்தாராம். பிரமாதமாக ஆடிய ஓர் அணியைச் சிபாரிசு செய்தார், அதன் பின்னால் வந்த ஜனத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். அன்றிலிருந்து ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். "ஆட்டம் மனசைக் கெடுத்துடும் நடீன். தோக்கும்போது எவன் எழுந்து போகாம உக்காந்திருக்கான்னு பாரு. அவன்தான் டிசம்பர்ல உன் கடைக்கு வருவான்" என்பார். அதன்பின் அவர் கணக்கு ஒருமுறையும் தப்பியதில்லை. ஒரு மனிதர் எப்படி இத்தனை ஆட்டங்களுக்கு நடுவே நின்று ஒருதடவைகூடத் திரும்பாமல் இருக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியம். கேட்டால் சிரிப்பார்.

போன வருடம் எங்களுக்கு மிஞ்சுவது இரண்டு அணிகள் என்று தெரிந்துவிட்டது. டான்சி ஸ்டேட் ஆறு ஜெயித்திருந்தது, அதன் ஆட்கள் எங்கே கூப்பிட்டாலும் கூட்டமாக வருவார்கள். லட்லோ டெக் ஒன்பது ஜெயித்திருந்தது. மலைப்பக்கத்துக் கல்லூரி, எங்கள் ஊருக்குப் பதினோரு மணி நேரப் பயணம், பின்னால் வர ஆளில்லை என்று பேர். பன்னிரண்டு வருடமாக எந்த பவுலும் அதைச் சீண்டவில்லை.

லட்லோவின் சொந்த ஊரில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு பர்ல் போய் வந்தார். மறுநாள் கமிட்டியில் கருவியை மேஜை மேல் வைத்தார்.

"மழை கொட்டுது. முப்பத்தோரு பாயின்ட்ல தோக்கறாங்க. கடைசிக் கால்பகுதி. பதினாலாயிரம் பேரு, ஒருத்தன் எழுந்திரிக்கலை. என் வாழ்க்கையில இப்படிப் பார்த்ததில்லை."

எங்கள் தலைவர் ராய்ஸ் டில்லரி. படகுக்கு இன்ஜின் விற்பவர், பர்லோடு ஒன்றாகப் படித்தவர். "ஏம்ப்பா, உனக்குக் காய்ச்சல் ஏதாவதா? கைக்கு வந்த டான்சியை விட்டுட்டு மலைக்காரனுங்களைக் கூப்பிடச் சொல்றே."

"மழையில உக்காந்தவன் வெயில்ல வரமாட்டானா?"

"வரலைன்னா? போன வருஷமே எதிரணிப் பக்கம் ஆளில்லாம அரங்கத்துல பாதி காலி. இந்தத் தடவையும் அப்படின்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம்னு லீக்காரன் எழுதியே குடுத்துட்டான்."

பர்ல் தன் பச்சை கோட்டின் காலரைத் தொட்டார். "லட்லோ பக்கம் அஞ்சாயிரம் பேர் வரலைன்னா இதைக் கழட்டி உன் கையில குடுத்துடறேன் ராய்ஸ். அப்புறம் இந்த அறைக்கே வரமாட்டேன்."

அவருக்கு மனைவி இல்லை, பாலத்து வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாகிவிட்டது. அந்தக் கோட்டை விட்டால் சனிக்கிழமைகளில் போக அவருக்கு வேறு இடமில்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கை தூக்கி ஓட்டெடுத்ததில் ஆறுக்கு ஐந்து என்று லட்லோ வென்றது. ஆறாவது கை என்னுடையது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நான்தான் லட்லோவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் என் பெயரையும் ஊரையும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "மேடம், நிஜமாவே எங்களைத்தானே கூப்பிடறீங்க?" என்று கேட்டார்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் லட்லோ பக்கம் அறுநூறு சீட்டுகூடப் போகவில்லை. அவர்கள் கல்லூரியில் சீட்டு விற்கும் ஜெனீவா என்ற பெண்ணைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது, மழையில பதினாலாயிரம் பேர் உக்காந்தாங்களே, அவங்கல்லாம் எங்க போனாங்க?"

"மழையிலயா? ஓ, அந்த ஆட்டமா? அது குலுக்கல் மேடம்."

"என்ன குலுக்கல்?"

"பிக்கப் வண்டி. புத்தம் புதுசு. ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் நம்பரைச் சொல்வோம், ஆள் அரங்கத்துக்குள்ள இருந்தாத்தான் வண்டி. எங்க ஊர்ல பாதிப் பேர் வந்துட்டாங்க. ஃபுட்பால் பிடிக்காத என் அத்தைகூட வந்தாங்க."

"வண்டி எங்க நின்னுச்சு?"

"மைதானத்து ஓரத்துலதான் மேடம், கோல் கம்பத்துக்குப் பக்கத்துல. செவப்பு வண்டி, வெள்ளை ரிப்பன் வேற கட்டியிருந்தோம். கண் இருக்கிறவங்க யாரும் பார்க்காம இருந்திருக்க முடியாது."

போனை வைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியை அணைத்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பர்ல் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டார்.

"செவப்பு வண்டியா?"

"செவப்பு வண்டி."

"எனக்குப் பின்னாடியேவா நின்னுச்சு?"

"ஒருதடவை திரும்பியிருந்தா தெரிஞ்சிருக்கும் பர்ல்."

"ஒலிபெருக்கியில என்னமோ சொல்லிக்கிட்டேதான் இருந்தான். பீர் விளம்பரம்னு நெனச்சேன்." ஊசியோடு சட்டையை ஓரமாக வைத்தார். "ராய்ஸ்கிட்ட நானே சொல்லிடறேன்."

சொன்னார். ராய்ஸ் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளிக்கூடங்களுக்கு இலவசச் சீட்டு கொடுத்தோம், தேவாலயங்களில் அறிவிக்கச் சொன்னோம். ஆட்டத்தன்று மதியம் எதிரணிப் பக்கம் ஓரளவு நிறைந்திருந்தது. லட்லோ பக்கம் அணியின் நீலச் சட்டை போட்டவர்கள் ஒரு சின்னத் திட்டாக மட்டும். சுற்றி வெறும் இருக்கைகள். லீக்கிலிருந்து வந்திருந்த மனிதர் அதைத் தன் போனில் படம் எடுத்தார்.

முதல் கால்பகுதி முடிந்தது. பர்ல் கமிட்டி இருக்கும் பகுதிக்கு வந்து கோட்டைக் கழற்றினார், மடித்தார், ராய்ஸிடம் நீட்டினார்.

"ஆட்டம் முடியட்டுமே பர்ல்."

"முடிஞ்சாலும் அஞ்சாயிரம் ஆகாது."

ராய்ஸ் வாங்கிக்கொண்டார். ஒருவரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. லட்லோ பக்கத்துத் தலைகளை எண்ணி எழுதுவது என் வேலை, அதைச் சாக்காக வைத்து அவர் பின்னாலேயே போனேன். அவர் வாசல் பக்கம் போவார் என்று நினைத்தேன். அரங்கத்தைச் சுற்றிக்கொண்டு அந்த நீலத் திட்டுக்குப் போனார். படியேறி, நடுவில் ஓரிடத்தில் நின்றார்.

அங்கே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் கார்லிஸ் பீமன் என்று பிறகு தெரிந்தது. முந்தைய நாள் அணிகளுக்கு நாங்கள் கொடுத்த விருந்தில் பர்லைப் பார்த்திருக்கிறார்.

"நீங்கதானே சார் எங்களைக் கூப்பிடணும்னு சண்டை போட்டவரு? கோச் சொன்னாரு. பன்னண்டு வருஷமா ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. எங்க பசங்ககிட்ட அப்படி என்னத்தைப் பார்த்தீங்க?"

பர்ல் ஏதாவது இனிமையாகச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"நான் உங்க பசங்களைப் பார்க்கவே இல்லைம்மா" என்றார். "ஜனங்களைத்தான் எண்ணினேன். மழையில யாரும் எழுந்திரிக்கலைன்னு கூப்பிட்டேன். அவங்க வண்டிக்காக உக்காந்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

அந்த அம்மாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்" என்றார். "எங்கிட்டயும் குலுக்கல் சீட்டு இருந்துச்சு சார். வண்டியை ஒரு பல் டாக்டர் அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

பர்ல் அப்படியே நின்றார். கீழே விசில் ஊதியது, ஆட்டம் மறுபடி தொடங்கியது.

"உக்காருங்க சார், நீங்க நிக்கிறது எனக்கு மறைக்குது" என்றார் கார்லிஸ், போர்வையை நகர்த்தி இடம் விட்டபடி. "அறுபத்தி நாலாம் நம்பர். அவன்தான் என் பையன்."