எலியக்கா அளந்த வீக்கம்

எலியக்கா எலி பிடிக்கிறவள் இல்லை. ஆய்வகத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பதும், கூண்டு கழுவுவதும், அவற்றின் பாத வீக்கத்தை அளப்பதும் அவள் வேலை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். நடுங்காத கை என்று பேராசிரியை மெச்சிய கை அது. வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கை சும்மா இருக்காது. புருஷனின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

புருஷன் முடிவெட்டுகிறவர். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாத நாட்களில் கடையைச் சாத்திவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். "மாத்திரையை விட்டீங்கன்னா மூட்டு கோணிப்போயிடும், அப்புறம் நிமித்த முடியாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மாத்திரையோ அவர் வயிற்றைப் போட்டுப் புரட்டியது. "வயிறா விரலா, ஏதாவது ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்போல" என்பார். கை போனால் அந்த மனுஷன் உடைந்துபோவார் என்று எலியக்காவுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்துக்குப் பாகற்காய் வந்தது. அதன் கசப்புக்குக் காரணமான பொருட்கள் வீக்கத்தையும் தணிக்குமா என்று பார்க்க வேண்டும். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைப்பார்கள். பாதி எலிகளுக்குப் பாகற்காய்ச் சாரம், மீதிக்கு வெறும் தண்ணீர். எலியக்கா காலிப்பர் என்ற அளவுக் கருவியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே பாதத்தை வைத்து அளப்பாள். எந்த எலி எதைக் குடித்தது என்று அளக்கிறவளுக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். ஆனால் சாரம் குடித்த எலிகளின் வாயோரம் பச்சையாக இருந்தது. கண் என்று ஒன்று இருந்தால் பார்க்கத்தானே செய்யும்!

பச்சை வாய்க்காரர்களின் பாதம் நன்றாக வற்றியிருந்தது. அன்று சாயங்காலம் எலியக்கா பை நிறையப் பாகற்காயோடு வீட்டுக்குப் போனாள்.

"எலிக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்காதா?"

தினமும் காலையில் சாறு. அவர் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடிப்பார். வாரம் ஒருமுறை அவருடைய நடுவிரலைச் சுற்றி நூல் கட்டி, வெட்டி, பழைய நூலோடு வைத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் நூல் சிறிதாகிக்கொண்டே வந்தது.

"மாத்திரையும் சாப்பிடுறீங்கதானே?"

"ம்."

அந்த "ம்" அவளுக்கு உறுத்தியது. கேட்கலாமா வேண்டாமா என்று மனசு கிடந்து தவித்தது. நூல்தான் குறைகிறதே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் பேராசிரியை கூண்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன இது, வாயெல்லாம் பச்சையா இருக்கு? வேற யாரையாவது விட்டு எல்லாத்தையும் துடைச்சுட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க. இன்னிக்கு நான் அளக்கிறேன்" என்றார்.

வீக்கம் குறைந்துதான் இருந்தது. ஆனால் எலியக்கா அளந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"காலிப்பரைக் கொஞ்சம் அழுத்திட்டா பாதம் மெலிசாத்தான் தெரியும். வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. ஆசை இருந்தா கை தானா அழுத்திடும்."

"ஆனா கேக்குதுல்ல மேடம்?"

"கொஞ்சம் கேக்குது, எலிக்கு. மனுஷனுக்குக் கேக்குமான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாதே."

எலியக்கா அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தாள். தையல்காரி, வாயும் கத்தரிக்கோல்தான்.

"உன் அண்ணன் நடுவிரலைச் சுத்தி ஒரு நூல் கட்டிக் கொடேன்."

"எதுக்கு அண்ணி, மோதிரமா? இந்த வயசில மாப்பிள்ளைக் கோலம் கேக்குதா இவருக்கு?"

நாத்தனார் இறுக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை. சட்டைக் கைக்கு அளவெடுக்கிற மாதிரி சாதாரணமாக எடுத்தாள். எலியக்கா அந்த நூலைத் தான் கட்டிய முதல் நூலின் பக்கத்தில் வைத்தாள். புது நூல் அதைவிடவும் நீளமாக இருந்தது.

அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"எப்பங்க விட்டீங்க?"

"எலிக்குக் கேட்டுடுச்சுன்னு நீ வந்து சொன்னியே, அன்னிக்கே."

"வீக்கம் ஏறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ நூலை இழுத்துக் கட்டும்போது உயிரே போகும். ஆனா வெட்டி அளந்து பாத்துட்டு நீ சிரிப்பே பாரு, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

நாத்தனார் டாக்டருக்குப் போன் போட்டாள். எலியக்கா அவர் கையைப் பிடிக்கப் போனாள். மறுபடியும் அழுத்திவிடுவோமோ என்று பயம் வந்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.